தோழியிடம் சொல்லாத எதை ஒரு கவுன்சலரிடம் சொல்லப்போகிறேன்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவு: எட்டு மாதமாகத் தூக்கம் சரியில்லை. ஒருநாள் லிஃப்டில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்தே போய்விடுவோம் என்று தோன்றியதிலிருந்து லிஃப்ட் பக்கமே போவதில்லை. வீட்டில் சின்ன விஷயத்துக்குத் தொடங்கும் சண்டை, கணவர் இரண்டு நாள் வாய் திறக்காமல் இருப்பதில் போய் முடிகிறது. தினமும் ராத்திரி தோழியிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறீர்கள். அவரே இப்போது கவுன்சலிங் போ என்கிறார். "அவளிடம் சொல்லாத எதை ஒரு கவுன்சலரிடம் சொல்லப்போகிறேன்? பேசுவதற்குக் காசா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், கணவர் வர மறுக்கிறார், தனியாகப் போனால் பயன் உண்டா என்றும்.

எனக்கென்னவோ உங்கள் கேள்வி காசைப் பற்றியதாகத் தோன்றவில்லை. எட்டு மாதமாக ஒரு நல்ல மனுஷியிடம் மனம்விட்டுப் பேசியும் ஏன் எதுவும் மாறவில்லை என்பதுதான் நீங்கள் கேட்பது. அது சரியான கேள்வி. பேசினாலே சரியாகிவிடும் என்றால் நீங்கள் எப்போதோ சரியாகியிருக்க வேண்டும். நான் பதினேழு வருடமாக மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். இதுவே என் பிழைப்பு. ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் உப்பைக் குறைத்தோ கூட்டியோ போட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தோடே படியுங்கள். முகம் பார்க்காமல், ஏழெட்டு வரியை வைத்து உங்களுக்கு என்ன பிரச்சினை என்று நான் தீர்மானிக்கவும் முடியாது. இதில் வருகிற ஆட்கள் எல்லாரும் அடையாளம் மாற்றப்பட்டவர்கள்.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன். வேதனை வரும்போது அதிலிருந்து தப்பிக்க நாம் உடனடியாக ஒன்றைச் செய்கிறோம். லிஃப்டை விட்டுப் படியேறுகிறோம், சண்டை வந்தால் எழுந்து போகிறோம், தூக்கம் வராவிட்டால் இன்னும் சீக்கிரமாகப் போய்ப் படுக்கிறோம். அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே நோய்க்குத் தீனி. தெரபி என்பது, அந்தத் தப்பிக்கும் கதவு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒருவர் துணையோடு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிப் பழகுவது. பேச்சு அதற்கு ஒரு கருவி, அவ்வளவுதான்.

லிஃப்டிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு முன் ஒரு நிபந்தனை: நெஞ்சு படபடப்பை ஒரு பொது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதயம், தைராய்டு, ரத்தசோகை இவற்றில் எதுவும் இதே முகமூடி போட்டுக்கொண்டு வரும். அது இல்லை என்று உறுதியான பிறகுதான் நான் சொல்வது பொருந்தும். பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வந்து ஆளை உலுக்கும் பயம், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாகவே இறங்கிவிடும். ஆனால் அது இறங்குவதை நோயாளி பார்ப்பதே இல்லை, ஏனென்றால் உச்சத்துக்கு வரும் முன்பே அவர் வெளியே ஓடிவிடுகிறார். "ஓடியதால்தான் பிழைத்தேன்" என்று மூளை எழுதிவைத்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக மணி அடிக்கிறது.

நாற்பது வயதுக்காரர் ஒருவர் என்னிடம் வருவார். எங்கே போனாலும் கையில் ஒரு தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை. மாத்திரையை ஒருநாளும் விழுங்கியதில்லை. அட்டை இருந்தால் போதும் அவருக்கு. நான்காவது செஷனில், பாட்டிலையும் அட்டையையும் என் மேஜையில் வைத்துவிட்டு மூன்று மாடி வேகமாக ஏறி இறங்கி வரச் சொன்னேன். வியர்த்து, நெஞ்சு அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இப்போது மயங்கி விழுவீர்கள் என்று எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள்?" என்று கேட்டு ஒரு தாளை நீட்டினேன். 70 என்று எழுதினார். கண் பாட்டில் மேலேயே இருந்தது. நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன், 60. பிறகு 40. ஆறாவது நிமிடம் 15 என்று எழுதிவிட்டு, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாட்டில் இல்லாமலேவா?" என்றார். அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து வரவழைக்கத்தான் மூன்று செஷன் அடித்தளம் போட்டது. நான் அதையே முதல் நாள் சொல்லியிருந்தால், தலையை ஆட்டிவிட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

இந்த முறை புதிதல்ல. முயலைக் கண்டு நடுங்கிய ஒரு குழந்தைக்கு, பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயலை நாளுக்கு நாள் நெருக்கமாகக் கொண்டுவந்து பயத்தைப் போக்கியதாக மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் 1924இல் எழுதினார். அதன் பிறகு வந்த நூறு வருடத்தில் நிறைய மெருகேறிவிட்டது, அடிப்படை மாறவில்லை. பயந்ததைச் சந்தித்து, பயந்தது நடக்கவில்லை என்று உடம்பு தானாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பதற்றம், குறிப்பிட்ட பயங்கள், திரும்பத் திரும்பக் கை கழுவுவது போன்ற ஓசிடி, இவற்றுக்கு இதன் பலன் பற்றி எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

இப்போது உங்கள் தோழிக்கு வருகிறேன். அவர் உங்களிடம் என்ன சொல்லுவார்? "உனக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதே." "தப்பு அவர் பக்கம்தான்." அன்புள்ள யாரும் இதைத்தான் சொல்லுவார்கள். சொன்னதும் மனம் லேசாகும், அன்றைக்குத் தூங்கிவிடுவீர்கள், மறுநாள் ராத்திரி மறுபடி கேட்க வேண்டியிருக்கும். ஆறுதலும் அந்தத் தண்ணீர் பாட்டில் மாதிரிதான். அமாண்டா ரோஸ் என்ற உளவியலாளர் 2002இல் சிறுவர்கள், பருவ வயதினரின் நட்பை ஆராய்ந்து ஒரு முரணைச் சொன்னார்: ஒரே பிரச்சினையை இருவர் திரும்பத் திரும்பப் பேசிப் பேசி அலசும்போது நட்பு நெருக்கமாகிறது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாகக் காணப்படுகின்றன. பெரியவர்களுக்கு அதை அப்படியே பொருத்துவது கொஞ்சம் துணிச்சல்தான். ஆனாலும் என் அறையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் தோழி தவறு எதுவும் செய்யவில்லை, அவரை விட்டுவிடாதீர்கள். அவரால் முடியாத ஒன்று இருக்கிறது: நீங்கள் வருந்தும்போது உங்களைச் சமாதானப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அது பயிற்சி எடுத்துத்தான் வரும். எனக்கு வர நாலைந்து வருடம் ஆனது.

மனச்சோர்விலும் கதை இதேதான், உடை மட்டும் வேறு. எதிலும் பிடிப்பில்லை, அதனால் எதுவும் செய்வதில்லை. எதுவும் செய்யாததால் பிடிப்பு வர வழியே இல்லை. ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், ஃப்ராய்டின் வழியில் வந்த மனப்பகுப்பாய்வில் பயின்றவர். 1960களில் அவர், சோர்ந்திருப்பவர்களின் தலைக்குள் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது போன்ற வாசகங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி மறைவதைக் கவனித்தார். அவற்றைப் பிடித்து, ஆதாரம் கேட்டு, சோதித்துப் பார்க்கும் முறையை உருவாக்கினார். இன்று எல்லாரும் சிபிடி என்று சொல்வதன், அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் சிகிச்சையின், வேர்களில் முக்கியமான ஒன்று அது. இதில் எனக்குப் பிடித்த ஒரு திருப்பம் உண்டு. 1996இல் நீல் ஜேகப்சன் என்ற உளவியலாளரின் குழுவினர், மனச்சோர்வு கொண்ட சுமார் 150 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு பெக்கின் முழுச் சிகிச்சை. இன்னொன்றுக்கு அதில் ஒரு பகுதி. மூன்றாவது பிரிவுக்கு எண்ணங்களைத் தொடவே இல்லை. அன்றாடச் செயல்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்க உதவியதோடு சரி. முடிவில் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "மனசு சரியானதும் நடக்கப் போகிறேன்" என்று என்னிடம் சொல்பவர்களிடம், நடக்கப் போனால்தான் மனசு சரியாகும் என்று நான் துணிந்து சொல்வதற்கு இது ஒரு காரணம். எழுந்து பல் துலக்கவே முடியாத ஆளிடம் இதைச் சொன்னால் அது கொடுமை என்பதும் தெரியும். அங்கே முதல் வேலை ஜன்னலைத் திறப்பதாக இருக்கும். உண்மையாகவே ஜன்னல்.

தூக்கத்தைப் பற்றி இரண்டு வரி. உங்களுடையது போன்ற நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பு தூக்கத்துக்கான சிபிடியை முயல வேண்டும் என்று அமெரிக்க உள்நோய் மருத்துவர்களின் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அதில் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பார்கள். கேட்கவே வினோதமாக இருக்கும், முதல் இரண்டு வாரம் எரிச்சல் தலைக்கேறும். மூட்டைகட்டிக்கொண்டு ஓடிவிடத் தோன்றுகிற கட்டம் அது. வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ உள்ளவர்கள் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் இதைச் செய்யக்கூடாது.

கணவன் மனைவி விஷயம்தான் சிக்கலானது. உங்கள் சண்டையின் வடிவம் எனக்கு நன்றாகத் தெரிந்த வடிவம்: ஒருவர் துரத்துகிறார், ஒருவர் ஒதுங்குகிறார். ஒதுங்க ஒதுங்கத் துரத்தல் கூடுகிறது, துரத்தத் துரத்த ஒதுங்கல் கூடுகிறது. "நீ கத்துவதால்தான் நான் போகிறேன்." "நீ போவதால்தான் நான் கத்துகிறேன்." இரண்டும் உண்மை, அதனால்தான் யாரும் ஜெயிப்பதில்லை.

ஒரு தம்பதி. காய்ந்த துணியை மடித்து வைக்காத விஷயம், அதைப் பேசத்தான் வந்தார்கள் என்று வையுங்கள். மனைவி பேச ஆரம்பித்து மூன்றாவது வாக்கியத்தில் கணவரின் கை மொபைலுக்குப் போயிற்று. திரையைக்கூட இயக்கவில்லை, எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பார்த்தீர்களா சார், இதைத்தான் சொல்கிறேன்" என்றார் மனைவி. நான் அவரை நிறுத்திவிட்டுக் கணவரிடம், "மொபைலை எடுப்பதற்கு முந்தைய நொடியில் உடம்பில் என்ன நடந்தது?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். "இவள் குரல் மாறினாலே பரீட்சை ரிசல்ட் வரப்போகிற மாதிரி வயிறு கலங்கும். ஃபெயில் என்று தெரியும், மார்க் எவ்வளவு என்பதுதான் தெரியாது." மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். அலட்சியம் என்று பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தது பயம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் செய்தது ஒரு கேள்வி, அதுவும் சரியான நொடியில். வீட்டில் அந்த நொடி வரும், ஆனால் அதை நிறுத்திவைக்க மூன்றாவது ஆள் இருக்கமாட்டார். சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் 1980களில் உருவாக்கிய, உணர்வை மையமாக வைக்கும் தம்பதி சிகிச்சையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கோபத்துக்கு அடியில் இருப்பதை, அதைக் கேட்க வேண்டிய ஆளே நேரில் கேட்கும்படி செய்வது. மாமியாரிடம் சொல்வதிலோ நண்பனிடம் சொல்வதிலோ இது நடக்காது.

எதிர்பார்ப்பை இங்கே கொஞ்சம் இறக்கிவைக்கிறேன். தம்பதிகளைப் பல வருடம் வீடியோ எடுத்து ஆராய்ந்த ஜான் காட்மன், தம்பதிகளுக்குள் வரும் முரண்பாடுகளில் 69 சதவீதம் தீராதவை, வருடங்கள் கழித்து வந்தாலும் அதே சண்டைதான் இருக்கும் என்கிறார். அந்த எண் துல்லியமா என்பது பெரிய விஷயமில்லை. என் அனுபவமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. சிகிச்சை முடிந்த பிறகும் துணி மடிக்கப்படாமலேதான் கிடக்கும். அதைப் பற்றிப் பேசும்போது ஏளனம் இல்லாமல் பேச முடிகிறதா என்பதில்தான் வித்தியாசம். அதே காட்மன், எந்தத் தம்பதி பிரிவார்கள் என்பதைத் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் கணிக்க முடியும் என்று சொன்னதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முடிவு தெரிந்த பிறகு அதற்குப் பொருந்தும் சூத்திரத்தைக் கண்டுபிடிப்பதும், தெரியாத தம்பதியை முன்கூட்டிச் சொல்வதும் ஒன்றல்ல என்று புள்ளியியல் தெரிந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிட வேண்டும். 1977இல் மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தெரபி பற்றிய 375 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து, சிகிச்சை பெற்ற சராசரி ஆள், பெறாதவர்களில் 75 சதவீதத்தினரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்று காட்டினார்கள். அது பெரிய வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. பலன் தெரியாத ஆய்வுகள் அச்சேறாமல் அலமாரியில் தூங்குவதையும் கணக்கில் எடுத்துப் பார்த்த பிற்கால ஆய்வாளர்கள், பலன் உண்மை, ஆனால் முதலில் சொன்ன அளவுக்கு இல்லை என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. எந்த முறை சிறந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. மனச்சோர்வைப் பொறுத்தவரை நன்கு சோதிக்கப்பட்ட முறைகளுக்கிடையே வித்தியாசம் சிறியது. இதில் முறையைவிட ஆள் முக்கியம். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல், சிகிச்சை தருகிறவருக்கும் பெறுகிறவருக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரித்தார்: எதற்காக வந்திருக்கிறோம் என்பதில் ஒப்புதல், எப்படிச் செய்யப்போகிறோம் என்பதில் ஒப்புதல், இருவருக்கும் இடையே ஒரு பற்று. வருகிறவர்களில் பலர் மூன்றாவதை மட்டும் பார்த்து, "நல்லவரா இருக்கார்" என்று வருடக்கணக்கில் போய்வருகிறார்கள். எதற்காகப் போகிறோம் என்பது மறந்தே போயிருக்கும்.

தெரபி கெடுதலும் செய்யும். சிகிச்சையின்போது நிலைமை மோசமாகிறவர்கள் ஒரு சிறு பகுதியினர் எப்போதும் உண்டு. விபத்து நடந்த கையோடு எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததை ஒரே அமர்வில் சொல்லவைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பின்னால் வரும் மன அதிர்ச்சியைத் தடுக்கவில்லை, சிலருக்கு மோசமாக்கியது என்று தெரிந்ததும் பெரும்பாலும் கைவிடப்பட்டது. பேசவைப்பது எப்போதும் நல்லது என்ற நம்பிக்கையை எங்களிடமிருந்து பிடுங்கிப்போட்டது அதுதான். என் பங்குக்கு நானும் தவறியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணைத் தனியாகப் பார்த்து வந்தேன். ஒவ்வொரு வாரமும் கணவரின் குறைகளைச் சொல்லுவார், நானும் புரிந்துகொள்ளும் முகத்தோடு கேட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்து மாதத்தில் அவருடைய கோபம் கூர்மையாயிற்று, வேறெதுவும் நகரவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு நான் அந்தத் தோழி வேலையைத்தான் பார்த்திருக்கிறேன் என்று என் மேற்பார்வையாளர் சொன்னபோதுதான் உறைத்தது.

அதனால் முதல் சந்திப்பில் நீங்களும் கேள்வி கேளுங்கள். என்ன படித்திருக்கிறீர்கள், என் மாதிரிப் பிரச்சினையை எப்படி அணுகுவீர்கள், முன்னேறுகிறோமா என்று எப்படித் தெரியும், எவ்வளவு நாள் ஆகும். பதற்றத்துக்கும் மிதமான மனச்சோர்வுக்கும் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டிலிருந்து இருபது செஷன் என்பது வழக்கமான கணக்கு. ஆறேழு செஷனில் எதுவுமே அசையவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். "எனக்குப் பலன் தெரியவில்லை" என்று சொன்னதும் முகம் சுளிக்கிறவரிடம் தொடர வேண்டாம். முதல் நாளே உங்கள் கணவரைப் பார்க்காமல் அவருக்கு ஒரு மனநோய்ப் பெயர் சூட்டுகிறவரிடமும் வேண்டாம். மாத்திரை தேவையா என்பது மனநல மருத்துவரின் முடிவு, என்னுடையது அல்ல. கடுமையான மனச்சோர்வில் மாத்திரையும் தெரபியும் சேர்ந்தால் ஒன்றைவிட நன்றாக வேலை செய்கிறது. மனச்சோர்வு மாத்திரை முழுதாகப் பிடிக்க நாலிலிருந்து ஆறு வாரம் வரை ஆகலாம், பத்தாம் நாள் "ஒன்றும் ஆகவில்லை" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் இதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள்.

இனி கணவர் வராத விஷயம். முதலில், நீங்கள் எழுதாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்று: அவர் அடிக்கிறாரா, மிரட்டுகிறாரா, நீங்கள் பயந்து வாழ்கிறீர்களா? ஆம் என்றால் அவரை அழைத்துக்கொண்டு தம்பதி சிகிச்சைக்குப் போகவே கூடாது. அறையில் நீங்கள் வாய்திறந்து சொன்னதற்கு வீட்டில் விலை கொடுக்க நேரிடும். அங்கே முதல் வேலை உங்கள் பாதுகாப்பு. அப்படி இல்லை, வெறும் மௌனம்தான் என்றால், தனியாகப் போவதிலும் பலன் உண்டு. துரத்துகிறவர், ஒதுங்குகிறவர் என்ற சக்கரத்தில் ஒரு பாதி உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் அடி மாறினால் அவரால் பழைய அடியையே வைக்க முடியாது. அவர் நல்லபடியாக மாறுவார் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. மாறாமலும் போகலாம், அப்போது அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பேசுவோம். அழைக்கிற விதத்தையும் மாற்றிப் பாருங்கள். "நீ வந்தால்தான் உருப்படும்" என்று கேட்டால் எந்தக் கணவரும் அதைக் குற்றப்பத்திரிகையாகத்தான் வாசிப்பார். "எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது, என்னோடு இருப்பவர் நீங்கள், ஒருநாள் வந்து நீங்கள் பார்ப்பதை அவரிடம் சொல்லுங்கள்" என்று கேட்டு வந்தவர்கள் என்னிடம் நிறையப் பேர்.

செஷன் கிடைக்க ஒரு வாரம் ஆகும் என்றால் அதுவரை ஒரு நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்து எழுதி வையுங்கள். வேதனை எப்போது வந்தது, அது குறைய உடனே என்ன செய்தேன், மறுநாள் அதனால் என்ன ஆனது. தோழிக்குப் போன் செய்ததையும் எழுதுங்கள். மூன்றாவது பத்தியில் எழுத ஒன்றும் தோன்றாவிட்டால் காலியாகவே விட்டு எடுத்துப் போங்கள்; நானாக இருந்தால் அந்தக் காலியிடத்தில் விரலை வைத்துத்தான் முதல் செஷனைத் தொடங்குவேன்.